குன்வோர் போட்டார்கள்

மனைவி இறந்த பிறகு பெர்கன் நகரில் மகள் வீட்டோடு தங்கிவிட்ட ஓலாவ், பல வருஷம் கழித்து ஒரு சாவுக்காகத் தன் பழைய தீவுக்கு வந்திருந்தார். திரும்பும்போது துறைக்கு இறங்கும் சரிவில் முட்டி மக்கர் பண்ணியது. கீழே படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த படகு மறுநாள்தான்.

"அண்ணே, ஒரு குன்வோர் போடுங்க! பெரியவர் ஒருத்தர் வர்றாரு!" என்று மேல்தளத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

ஓலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குன்வோர் அவர் மனைவி. முன்பு இந்தப் படகை ஓட்டியவள். மேட்டில் ஓடிவரும் ஒரு தலை தெரிந்தால் போதும், முதலாளி தொண்டை கிழியக் கத்தினாலும் படகை எடுக்கமாட்டாள். "ஊருக்கே நீதான் காவலா?" என்று, அவள் நேரங்கழித்து வீடு திரும்பும்போது, ஆறிப்போன சூப்பின் முன் உட்கார்ந்து ஓலாவும் எரிந்து விழுவார்.

படகு நின்றது. மூச்சு வாங்க ஏறியவர் அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "குன்வோர்னா என்னம்மா?"

"வெளியூரா தாத்தா? லேட்டா வர்றவங்களுக்காக நிக்கிறது. கடை, பஸ்ஸு, எல்லா இடத்துலயும் அப்படித்தான் சொல்வோம்."

"யார் பேராவது இருக்குமோ?"

"பேரா? வைக்கிங் காலத்து வார்த்தை தாத்தா! எங்க வாத்தியாரே சொன்னாரு."

ஓலாவ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, படகோட்டியின் கண்ணாடி அறையை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்காகவும் நின்னுட்டியே," என்றார். "நன்றிடி."

"என்ன தாத்தா, என்னை டி போட்டுப் பேசுறீங்க?" என்று சிரித்தாள் அந்தப் பெண்.