இரண்டு முனைக்கும் ஒரே ஓட்டுநர்

தலைமை அலுவலகம் ரயிலைத் திருப்பும் நேரத்தை மறுபடியும் குறைத்த வாரத்தில், கடைசி ஸ்டேஷனில் ஓட்டுநர் இரண்டு பேராகிவிட்டார். திருப்புவது என்றால் வண்டியை யாரும் திருப்பிப் போடுவதில்லை. ஓட்டுநர் முன்முனையில் உள்ள அறையைப் பூட்டி, பையைத் தோளில் மாட்டி, பிளாட்பாரம் முழுக்க நடந்து, பின் அறையில் போய் உட்கார்ந்தால் வால் தலையாகிவிடும், அவ்வளவுதான். அந்த நடைக்கே நேரம் போதாது என்பது அட்டவணை போட்ட புண்ணியவான்களுக்கு உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் ஓட்டுநர் பின் அறையில் உட்கார்ந்து பக்கக் கண்ணாடியைப் பார்த்தபோது, பாதி பிளாட்பாரத்தில் தானே பையோடு தளர்ந்து நடந்து வருவது தெரிந்தது. சிக்னல் கிடைத்துவிட்டது. வண்டியை எடுத்தார். நடந்து வந்தவர் நகரும் பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வண்டி ஓட்டிய இவர் வேலை முடிந்து வீடு சேர்ந்தபோது, மகளுக்குக் கதை சொல்லித் தூங்கவைத்துவிட்டு, நடந்து வந்த அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மகள் பிறந்ததிலிருந்து இவர் ஆசைப்பட்டதெல்லாம் அவளைக் கதை சொல்லித் தூங்கவைக்கும் அந்த ஒன்றுக்குத்தான். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, கை கழுவிட்டு வாங்க" என்று இன்னொரு தட்டு வைத்தாள்.

"நாளைக்கு நீ போப்பா, நான் வீட்ல இருக்கேன்" என்று இவர் கெஞ்ச, அவரும் மறுக்காமல் போனார். ஆனால் இரண்டு பேரானபோது நடை மொத்தமும் அவர் பங்குக்குப் போயிருந்தது. இவர் ஒரு முனையில் எழுந்தால் மறுமுனையில் உட்கார்ந்திருப்பார். அவரோ நடந்துதான் ஆகவேண்டும். வண்டிகள் தாமதமாகி, பயணிகள் வாய்க்கு வந்தபடி திட்டி, மதியத்துக்குள் ஸ்டேஷன் மாஸ்டரே வாசலில் வந்து நின்றார். "உங்க கால்ல விழறேன் சார், அவர் வேணாம். நீங்களே வாங்க." மகள் அப்போதுதான் இவர் மடியில் ஏறியிருந்தாள். இறக்கிவிட்டுப் போனார்.

வருஷங்கள் ஓடின. அவருக்குத் தொப்பை விழுந்தது. மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இவர் அவள் எழுமுன் கிளம்பி, தூங்கியபின் வந்தார். லீவு கேட்டால், நடக்காமல் முனை மாறுகிற ஆள் வேறு யார் இருக்கிறார் என்றார்கள். இவருக்குத் தலை நரைத்து, கன்னம் ஒட்டிப்போனது. வண்டிகள் தாமதமாவதே இல்லை என்று அலுவலகத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இவர் வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். மகள் திறந்தாள், நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். இவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அப்பா! பெரியப்பா வந்திருக்காங்க!"

மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மறுபடி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"நல்லா படிக்கிறியாம்மா?" என்று கேட்டபடி, விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.