பிரிக்காத உறை

கருத்தரங்கில் வாசிக்கப்போகும் உரையைப் பெரிய டாக்டர் காலி நாற்காலிகளுக்கு முன்னால் மூன்றாவது தடவையாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்லைடு மாற்றும் வேலை மூத்த நர்ஸுக்கு. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கும் தைராய்டு குறைவுக்கும் என்ன உறவு என்பது ஆராய்ச்சி. முதல் நான்கு ஸ்லைடுகளில் டாக்டர் வாங்கிய பட்டங்கள். குழந்தைகள் ஐந்தாவதில்தான் பிறந்தார்கள்.

"நாப்பது குழந்தைங்க இல்லையா சார்? முப்பத்தொன்பதுன்னு இருக்கு."

"இருபத்திமூணாம் நம்பரை எடுத்துட்டேன் சிஸ்டர். ஏழாம் நாள் எடுக்கிற ரெண்டாவது ரத்தம் இல்ல. டேட்டா அரைகுறை."

மூன்றாம் நாளே போய்விட்ட பிள்ளையிடம் ஏழாம் நாள் ரத்தத்தை யார் எடுப்பது? அவள் அடுத்த ஸ்லைடைப் போட்டாள். காதுக்குள் அது மறுபடி ஆரம்பித்துவிட்டது. அந்தப் பிள்ளை மூச்சை வெளியே விடும்போதெல்லாம் வருமே அந்த முனகல், உலகத்தைப் பார்த்துச் சலித்துப்போன கிழவனைப் போல ஒரு சின்ன 'ம்க்'. ஐம்பது நாளாக அது பஸ் கதவில் இருக்கிறது, வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது.

முடிவு முன்னாலேயே தெரிந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது டாக்டரின் விதி. லேப் தாள்கள் ஒட்டிய உறைக்குள் கிடக்கும். நாற்பதும் சேர்ந்தபிறகுதான் பிரிப்பார்கள். அந்தக் குதிகாலில் குத்தி இவள் எடுத்த ரத்தத்தின் முடிவு, பிள்ளை முனகிய இரண்டு நாளும் பத்தடி தள்ளி அலமாரியில் பத்திரமாக இருந்தது. போன வாரம் பிரித்தார்கள். நாற்பதில் தைராய்டு இருப்பதிலேயே குறைவு அதற்குத்தான். தெரிந்து மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா? அதுவும் நிச்சயமில்லை என்கிறது பதினோராவது ஸ்லைடு.

ஆயா கதவருகில் எட்டிப் பார்த்தாள். "சிஸ்டர், அந்த இருபத்திமூணோட அம்மா வந்திருக்கு. கால்ல குத்தி எடுத்தீங்களே, அதுல என்ன வந்துச்சுன்னு கேக்குது."

"ஆராய்ச்சி ரகசியம்னு சொல்லி அனுப்பு," என்றார் டாக்டர். "அடுத்தது, சிஸ்டர்."

அடுத்தது வரவில்லை. அவள் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு வெளியே போனாள்.

பெஞ்சின் நுனியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். "நான் மாடி ஏறி இறங்கினதாலதான்னு வீட்ல சொல்றாங்கக்கா. அப்படியா?"

"மாடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. பிள்ளைக்குத் தைராய்டு ரொம்பக் குறைஞ்சிருந்துச்சு." நர்ஸ் தாளை நீட்டினாள். "இதனாலதான் போச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா நாங்க பார்க்காமலே வச்சிருந்தோம். அது தெரியும்."

உள்ளே டாக்டர் நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் தாளைப் படிக்கவில்லை, மடிக்கவுமில்லை. கழுத்து தொங்கிவிடாதபடி ஒரு கையை அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.