இஸ்திரிச் சூடு

நாய்க்குப் பயந்து போட்ட பூட்டுதான் தையல்காரம்மாவைக் கவிழ்த்துவிட்டது.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவள் பேச்சுக்குப் பதில் குரல் கொடுத்த ஒரே ஜீவன், அந்தச் சிவப்புக் கோழி. நாளெல்லாம் தையல் மிஷினுக்கு அடியிலேயே கிடக்கும். போன மாதம் அதைத் தெருநாய் கவ்விக்கொண்டு போயிற்று. மிஞ்சியது அது இட்ட பதினொரு முட்டைகள்தான். அண்ணியிடம் கெஞ்சிக் கூத்தாடி, அடைக்கு நின்ற கருப்புக் கோழியை இரவல் வாங்கி வந்தாள். தையல் கொட்டகைக்குள் ஒரு கூடையில் வெட்டுத்துணி பரப்பி அடை வைத்தாள். கதவுக்குப் பூட்டு வேறு.

பத்தொன்பதாம் நாள் கருப்பி வழக்கம்போல இரை தின்ன வெளியே வந்தது. ரவிக்கைக்கு அளவெடுக்கப் போகும் அவசரத்தில், கைப்பழக்கமாகப் பூட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள் அவள். போன இடத்தில் பேச்சு நீண்டது. நடுவில் மழையும் பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்தால், பூட்டிய கதவுக்கு முன்னால் கருப்பி சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறது. உள்ளே முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன.

"ஐயோ, என் கையாலேயே கெடுத்துட்டேனே!"

பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். தேய்த்து அடுக்கிய சட்டைகள் மேல் கருப்பி நடந்து போன நாளிலிருந்து அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"என்னம்மா, மறுபடியும் நாயா?"

"நாய் இல்லண்ணே, நான்தான்!" நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"கோழியைத் தூக்கி உக்கார வைக்க வேண்டியதுதானே?"

"ஈரக் கோழிண்ணே. உக்காந்தா இருக்கற சூடும் போயிடும்."

அவர் தாடையைச் சொறிந்தார். "நீ கோழியைத் துவட்டு. முட்டையை இங்க கொண்டா."

பழைய போர்வையை நாலாக மடித்துத் தேய்த்தார். உடனே முட்டை மேல் போட்டுவிடவில்லை. கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார், சுட்டது. உதறிவிட்டு மறுபடி ஒற்றினார்.

"என் கன்னத்துக்கு இதமா இருந்தாதான் உள்ள இருக்கறவங்களுக்கும் இதம். இல்லன்னா உனக்கு அவிச்ச முட்டைதான்."

அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு போர்வை ஆறுவதற்குள் இன்னொன்று. சட்டை கேட்டு வந்தவர்களிடம், "மழைங்க, கரி பிடிக்கல" என்று கூசாமல் பொய் சொன்னார். அவள் கருப்பியை மடியில் போட்டுக்கொண்டு இறகு இறகாகத் துவட்டினாள். வயிற்றுப் பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே முட்டைகள் கூடைக்குத் திரும்பின. கருப்பி சிறகை விரித்து அமர்ந்துகொண்டது.

குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தோராம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் கூடைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். மதியத்துக்குள் ஒன்பது குஞ்சுகள். இரண்டு கூமுட்டை. ஒன்பதில் ஒன்று அப்படியே செத்துப்போன அம்மாவின் சிவப்பு நிறம்.

அதை உள்ளங்கையில் ஏந்தி நேரே இஸ்திரி மேஜைக்குப் போனாள். எத்தனையோ சொல்ல நினைத்து வந்தவள், "அண்ணே..." என்று குஞ்சை அவர் முன்னால் நீட்டினாள்.

"தெரியுது, தெரியுது. இனி ஒன்பதும் வரிசையா என் சட்டை மேல நடக்கும். அதைச் சொல்லத்தானே வந்த?"

"நடந்தா நானே துவைச்சுத் தரேண்ணே. ஆயுசுக்கும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் குஞ்சை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார்.

"சூடு சரியா இருக்கும்மா" என்றார்.