மூடிய குளத்துச் சேறு

எழுந்திருக்கப் போனவளின் மணிக்கட்டை நாத்தனார் பிடித்து இழுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பாத்ரூம் அண்ணி."

"இப்பதானே போயிட்டு வந்த."

"வயிறு சரியில்ல."

"போ, சீக்கிரம் வா. வண்டிக்குச் சொல்லியாச்சு, எந்த நேரமும் வந்துடும். நீ பக்கத்துல இல்லேன்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

அந்த நாலு பேரில் மூன்று பேர் எங்க அக்காவேதான் என்று அவள் கணவர் சொல்லியிருப்பார். அவர் கூடத்தின் நடுவே, வெள்ளைத் துணி மார்புவரை போர்த்திக் கிடந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் அந்த முகத்தைப் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிறது. குழாய் அழுத்திய தடம் மட்டும் இரண்டு கன்னத்திலும் கோடாக இருந்தது. அது போவதற்கு இனி நேரமில்லை.

நாற்காலிகளுக்கு இடையே வழி கேட்டுக் கேட்டுப் பின்பக்கம் வந்தாள். சமையலறையில் யாரோ இரண்டு பெண்கள் அவளுடைய டம்ளர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "நீ ஏம்மா வந்த, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். காலையிலிருந்து எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். வாசலுக்குப் போனாலும், மொட்டை மாடிக்குப் போனாலும் ஒரு கை வந்து தோளைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்துவிடுகிறது. தாழ்ப்பாள் உள்ள இடம் இந்த வீட்டில் ஒன்றுதான் மிச்சம்.

குளியலறைக் கதவைத் தாழிட்டாள். குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழும்படி வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள்.

"அண்ணே, நான்தான்."

"தங்கச்சி..." பல்கலைக்கழகத்து வாட்ச்மேனின் குரல் இறங்கியது. "கேள்விப்பட்டேன்மா. என்னத்தச் சொல்றது போ. நல்ல மனுஷன்."

"ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. சாவி உங்ககிட்டதான இருக்கு? மாடிக்குப் போங்க. எங்க லேபைத் திறங்க."

"இன்னைக்கா?"

"சாயங்காலம் நீங்க டூட்டி முடிச்சுப் போனா கட்டடத்தையே பூட்டிடுவாங்க. லீவு முடியறவரைக்கும் திறக்க மாட்டாங்க. புரொபசரும் ஊர்ல இல்ல."

"அதுக்கென்ன, லீவு முடிஞ்சு பாத்துக்கறது."

"அதுக்குள்ள செத்துடும்ணே."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. அந்தப் பக்கமிருந்து சாவிக்கொத்து குலுங்கும் சத்தமும், படியேறும் மூச்சும் வந்தன.

செம்பு உருக்கும் ஆலையில் அவள் கணவருக்குப் புகைபோக்கி சுத்தம் செய்கிற வேலை. உள்ளே இறங்கி, சுவரில் படிந்த வெள்ளைப் பொடியைச் சுரண்ட வேண்டும். அந்தக் காலத்தில் பாஷாணம் என்பார்கள், லேபில் ஆர்சனிக். ஆலையில் எல்லோரும் அவரைச் சிம்னி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆலைக்குப் பின்னால் ஒரு கழிவுக் குளம். அதன் சேறு வேண்டுமென்று புரொபசர் கேட்டுப் போனபோது வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சிம்னி தன் சாப்பாட்டுக் கேரியரின் அடித் தட்டில் ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு வந்தார். கேரியரை அவள் தூக்கி எறிந்தாள். "ஒரு தட்டுக்காக முழுக் கேரியரையா" என்று வெகுநாள் சொல்லிக் காட்டினார்.

அந்தச் சேற்றில் உயிர் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. அதைப் பாட்டிலில் வளர்ப்பதுதான் லேபில் அவளுக்கு வேலை.

அவர் நுரையீரல் ஓய்ந்து, ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு, குழாய் எட்டும் தூரம்தான் அவருடைய உலகம் என்று ஆனது. கட்டிலிலிருந்து சமையலறை வாசற்படிவரை வரும். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் சமைக்கச் சமைக்கக் கேட்பார்.

"உன் பிள்ளைங்க இன்னைக்கு என்ன பண்ணுச்சுங்க?"

"மூச்சு விட்டுச்சுங்க."

"காத்தே போகாம அடைச்சு வச்சிருக்கேன்னியே?"

"காத்துப் பட்டா அதுக்கு ஆகாது. சாப்பிட்டதை எரிச்சா மிச்சத்தை யார் தலையிலயாவது கட்டணும்ல? அதுதான் மூச்சு. நாம ஆக்சிஜன் தலையில கட்டறோம். அதுங்க ஆர்சனிக் தலையில கட்டுது."

"விஷம் உள்ள போய் அதுங்களைக் கொல்லாதா?"

"உள்ள போனதை வெளிய தள்றதுக்கு உடம்புலயே பம்பு மாதிரி ஒண்ணு இருக்கு. தள்ளிக்கிட்டே இருக்கும். ஆனா தள்றது முன்ன இருந்ததைவிட மோசமான விஷம்."

"அது சரி. எங்கக்கா மாதிரி."

சிரித்து, இருமி, இருமல் நின்ற பிறகு சொன்னார்: "நானும் அதுங்களும் ஒரே கம்பெனி. அதுங்களுக்குப் பம்பு குடுத்தவன் எனக்குக் குடுக்காம விட்டுட்டான் பாரு."

பிறகு ஆலையை மூடினார்கள். குளத்தை மண் கொட்டி நிரப்பி, மேலே காங்கிரீட் போட்டார்கள். சேற்றை உறைய வைத்து, பிறகு அதிலுள்ள உயிரை எழுப்பிப் பார்த்தும் எழவில்லை. அந்தக் குளத்தின் உயிர் என்று உலகத்தில் மிச்சமிருப்பது லேபின் ஒரு பாட்டில்தான். தான் வெளியே தள்ளிய விஷம் சுற்றிலும் நிறைந்தால் அதுவே திணறிப்போகும். அதற்குள் ஒரு ஊசி அளவு எடுத்துப் புதுப் பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். மாற்ற வேண்டிய நாள் வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. அவள் போகவில்லை.

இன்றைக்கு இதை யாரிடமும் வாய் திறந்து சொல்லவும் முடியாது. பாட்டில் பாட்டிலாக விஷத்தைத் தொட்ட கையால் சமைத்துப் போட்டுத்தான் தம்பிக்கு இப்படி ஆனது என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"தங்கச்சி, உள்ள வந்துட்டேன்."

"கையுறை போட்டுக்குங்க. வலது பக்கம் கறுப்பு மூடி போட்ட பெட்டி. உள்ள ரெண்டு பாட்டில் இருக்கும். கலங்கலா இருக்கறது பழசு. தண்ணி மாதிரி இருக்கறது புதுசு."

"இருக்கு. புதுசு ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணுதான் தயார் பண்ண முடிஞ்சுது. ஊசி போடத் தெரியும்ல?"

"என்ன இப்படிக் கேட்டுட்ட. மாட்டாஸ்பத்திரியில எத்தனை மாட்டுக்குப் போட்டிருக்கேன்."

"அதே மாதிரிதான். மூடி ரப்பர். திறக்கவே கூடாது, குத்தணும். அதுக்கு முன்னாடி சுவத்துல பச்சைக் குழாய் இருக்குல்ல, அந்த காஸை ஊசிக்குள்ள இழுத்து இழுத்து விடுங்க. உள்ள இருக்கற காத்து போகணும்."

உஸ்ஸென்று சத்தம் கேட்டது. அவளுடைய வலது கை, தன்னை அறியாமல், வெறும் காற்றில் ஊசியைப் பிடித்திருந்தது.

"பழசுல குத்தி இழுங்க. இழுத்தாச்சா? இப்ப புதுசுல. மெதுவா... மெதுவாண்ணே."

"மாடாவது உதைக்கும். இது சும்மா இருக்கறதுதான் பயமா இருக்கு."

கதவு தட்டப்பட்டது.

"யார்கிட்ட பேசற உள்ள?" நாத்தனார்.

"யார்கிட்டயும் இல்ல அண்ணி."

"பேச்சுக்குரல் கேட்டுச்சே."

"புலம்பினேன்."

கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுக் காலடி நகர்ந்தது. போனில் வாட்ச்மேன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி. ரோஸாயிடுச்சு."

"எது?"

"புதுசு. தண்ணி மாதிரி இருந்தது ரோஸ் கலராயிடுச்சு."

அவள் சுவரில் சாய்ந்தாள். "காத்து உள்ள போயிருச்சு. எவ்வளவு ரோஸ்?"

"ரொம்ப இல்ல. கைக்குழந்தை காது மாதிரி."

"அந்த அளவுன்னா தானா வெளுக்கலாம். உள்ள அதுக்கு மருந்து போட்டிருக்கு, காத்தைத் தின்னுடும். வெளுத்தா பிழைச்சுது."

"வெளுக்காட்டி?"

அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"பழசுல இருந்து இன்னொரு தடவை எடுத்து..."

"எதுல விடறது? வேற பாட்டில் இல்ல. சும்மா வச்சுட்டுப் பாருங்க. ஆட்டாதீங்க. என்னன்னு சொல்லுங்க."

"அப்படியேதான் இருக்கு."

"இப்ப?"

"அப்படியேதான்மா."

மறுபடி கதவு. இந்த முறை உள்ளங்கையால் தட்டினாள். "வண்டி வந்துருச்சு. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கறாங்க."

"இதோ அண்ணி." போனை வாயருகே கொண்டுவந்தாள். "அண்ணே, நான் போகணும். வண்டி வந்துருச்சு."

"போம்மா. போ."

அழைப்பைத் துண்டிக்க அவள் விரல் போகவில்லை. சோப்புக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

நாத்தனார் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "கண்ணெல்லாம் செவந்திருக்கு. உள்ள போய்த் தனியா அழுதியா? எங்க முன்னாடி அழுதா ஆகாதா?"

கூடத்தில் எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் அவர் தலைமாட்டில் மண்டியிட்டாள். பின்னால் நாத்தனார் யாரிடமோ, எல்லோருக்கும் கேட்கும்படி, "என் தம்பியை அந்த விஷந்தான் கொண்டு போயிருச்சு" என்றாள். அது உண்மைதான். எங்கிருந்து வந்த விஷம் என்பதில்தான் தப்பு. வழக்கமாக இந்தப் பேச்சு வரும்போது, "அக்கா, நான் சிம்னிக்குள்ள இறங்கினப்ப நீ எங்க இருந்த?" என்று அவர்தான் கேட்பார். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

"காதுல ஏதாவது சொல்லணும்னா சொல்லும்மா" என்றார் ஒரு பெரியவர்.

குனிந்தாள். மாற்றியாச்சு என்று சொல்லலாம். ஆனால் பாதி தெரிந்த சேதியை அவரிடம் அவள் என்றுமே சொன்னதில்லை. பிறகு கேள்வி கேட்டே கொன்றுவிடுவார். சட்டைக் காலரை நேராக்கினாள். கன்னத்துக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவை தேய்த்தாள்.

தூக்கினார்கள். வாசற்படியில், "பாத்து, கால் பக்கம் பாத்து" என்றார்கள். மெஷின் வந்த பிறகு சமையலறைப் படியைத் தாண்டி ஒரு நாளும் போகாத மனிதர், கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் போனார். ஆண்கள் பின்னாலேயே போனார்கள். வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராகச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். நாத்தனார் தம்பி படுத்திருந்த இடத்தைப் பார்த்தபடி தரையில் காலை நீட்டிவிட்டாள். எந்தக் கையையும் பிடிக்கும் தெம்பு இப்போது அவளிடம் இல்லை.

இவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை.

வாளி நிரம்பி வழிந்து குளியலறைத் தரை முழுக்கத் தண்ணீராக இருந்தது. கதவைத் தாழிட்டுவிட்டுப் போனை எடுத்தாள். சூடாக இருந்தது. அழைப்பு இன்னும் இருந்தது.

அந்தப் பக்கம் எங்கோ தூரத்திலிருந்து ஓர் ஆள், "அண்ணே, சாவியைக் குடுங்க, பூட்டணும், நேரமாச்சு" என்று கத்தினான்.

"இருப்பா. போ, வரேன்" என்றார் வாட்ச்மேன். பிறகு அவர் குரல் தணிந்தது. அவளிடம் பேசவில்லை. ஈனப்போகும் மாட்டின் பக்கத்தில் குந்தியிருக்கிறவரைப் போலப் பேசிக்கொண்டிருந்தார்.

"ம்ம்... அப்படித்தான். கொஞ்சம் வெளுத்த மாதிரிதான் இருக்கு. ஒண்ணும் அவசரமில்ல. யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மெதுவா மூச்சு விடு, மெதுவா..."

இன்னும் நன்றாகக் கேட்பதற்காக அவள் குழாயை மூடினாள்.