பால்சுறா

சித்திரை வெயிலிலும் கமர் நிஷா சால்வையை விடுவதில்லை. இருபது வருடமாக அவளுக்குக் குளிரும் களைப்பும்தான். போன வாரம் அடுப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் அவள் கணவர் காஜா நஜ்முதீனுக்குப் பயம் வந்தது. ஹார்மோன் டாக்டரிடம் அழைத்து வந்தார்.

பரிசோதனைத் தாள்களைப் புரட்டிய டாக்டரம்மா நிமிர்ந்தார். "பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போச்சாம்மா? அப்புறம் பால் வந்துச்சா?"

கமர் நிஷா கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

மகள் பஹீமாவைப் பெற்றபோது நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைத்தவள் அவள். பால் மட்டும் சுரக்கவே இல்லை. காஜா தினமும் பட்டினச்சேரி மீனவர் குப்பத்துக்கு ஓடி, படகு வந்ததும் தாய்ப்பால் ஊறவைக்கும் என்கிற பால்சுறா மீன் வாங்கி, புட்டு செய்யச் சொல்லி நாற்பது நாள் சாப்பிட வைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கைக்குழந்தை பஹீமா பசியில் வீறிட்ட ஒரு நாள், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் அவருடைய நரம்பில்லாத நாக்கு சொல்லிவிட்டது: "மனசுல பாசம் இருந்தாத்தானே பால் ஊறும்?"

வீட்டில் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பஹீமா அதைக் கேட்டே வளர்ந்தாள்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறதாம். பாலுக்கும் தைராய்டுக்கும் உத்தரவு அங்கிருந்துதான் போகுமாம். அன்று ரத்தம் போனதில் அது செத்துப்போயிருக்கிறது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இனி ஆயுசுக்கும் மாத்திரை என்றார்.

கமர் நிஷா மாத்திரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அதனாலதான் பால் வரலன்னு ஒரு தாள்ல எழுதித் தர்றீங்களா டாக்டரம்மா? எம்மககிட்ட காட்டணும்."