மச்சினனுக்கு வாங்கிய வாட்ச்

சோதித்துப் பார்க்காமல் அவள் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டாள். குக்கர் தொழிற்சாலையில் வேலை. மூடி இறுகுகிறதா, விசில் ஒழுங்காக வருகிறதா, ஆவி எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. தொலைதூரத்தில் வேலை கிடைத்துப் புறப்படுகிற தம்பிக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினாள். அதை அப்படியே கொடுத்துவிட்டு வராமல், பெட்டியைப் பிரித்துப் புருஷன் கையில் கட்டிவிட்டாள்.

“உங்க கையும் தம்பி கையும் ஒரே அளவுங்க. ரெண்டு நாள் கட்டிக்கிட்டு வேலைக்குப் போங்க. கோளாறு இருந்தா இப்பவே தெரிஞ்சிடும். அங்க போனப்புறம் பாவம், அவன் எங்க போய் மாத்துவான்?”

புருஷன் முடிதிருத்துகிறவர். இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. ஊர் வம்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், அப்போது வாயைத் திறக்கவில்லை. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அவருக்குப் பொறாமை. கல்யாணமான நாளிலிருந்து தம்பி, தம்பி, தம்பி. தம்பிக்குச் சளி பிடித்தால் இவள் தும்முவாள். போன பிறந்தநாளுக்கு இவருக்கு இரண்டு பனியன் வாங்கி வந்தாள். மாட்டினால் தொப்புளுக்குக் கீழே இறங்கவில்லை. “துவைச்சா தளர்ந்திடும்” என்றாள். அதோடு சரி.

கடையில் கத்தரியோடு கை ஏறி இறங்கும்போதெல்லாம் கண்ணாடியில் வாட்ச் பளபளத்தது. முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் கண்டுபிடித்துவிட்டார்.

“அடேயப்பா, புதுசா? யாரு வாங்கிக் குடுத்தது?”

“வீட்டுலதான்.”

அது பொய்யில்லை. யாருக்கு என்று டிரைவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

“குடுத்து வெச்சவர்ங்க நீங்க!”

உச்சி குளிர்ந்துவிட்டது. கூடவே, நாளை மறுநாள் இதே பேச்சை மச்சினன் கேட்டுக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு வந்தது. குளிர்ச்சியெல்லாம் போய் மறுபடியும் வயிறு எரிந்தது. வாட்ச் கெட்டுப்போனால்தான் என்ன? வாங்கின கடைக்குத் திரும்பும். மாற்றித் தர ஒரு வாரமாவது இழுப்பார்கள். அதற்குள் அவன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். இவ்வளவு யோசித்த பிறகு குழாயடிக்குப் போய், தேவைக்கு மேல் சோப்பு போட்டு, மணிக்கட்டு வரை நனைய நனையக் கை கழுவினார். துடைத்ததும் வாட்ச் சமர்த்தாக மணி காட்டியது.

மத்தியானம் ஒரு நம்பிக்கை பிறந்தது. கையில் கிர்ரென்று அதிர்ந்து, வெகுநேரம் உட்கார்ந்துவிட்டீர்கள், எழுந்து நடமாடுங்கள் என்றது வாட்ச். காலையிலிருந்து நின்று நின்று கால் கடுத்துப்போன மனிதரிடம்! சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“நிக்கிறவனைப் பார்த்து எழுந்திருன்னு சொல்லுது. சுத்த மோசம்.”

“நின்ன இடத்துலயே நின்னா அதுக்கு எப்படிங்க தெரியும்? நாலடி நடந்தாத்தானே தெரியும்? இதெல்லாம் கோளாறே இல்ல” என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம். விடிந்தால் தம்பி புறப்பட வேண்டும். அவள் சமையலறை வாசலில் நின்று போனில் அவனோடு கொஞ்சிக்கொண்டிருந்தாள். போர்வை எடுத்து வைத்தாயா, மாத்திரை எடுத்து வைத்தாயா, வேளாவேளைக்குச் சாப்பிடு கண்ணு. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, டிவியைப் பார்க்கிற மாதிரி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ‘கண்ணு’ என்ற இடத்தில் வாட்ச் அதிர்ந்தது. அவள் போனோடு அதை இணைத்திருந்ததால், பேச்சின் நடுவே அங்கேயும் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது: ஓய்வில் இருக்கும்போது இதயத் துடிப்பு மிக அதிகம்.

“அப்புறம் பேசறேன்டா, மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று போனை வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல. உன் வாட்ச்சுக்குத்தான் கிறுக்கு பிடிச்சிருக்கு. சும்மா உட்கார்ந்திருக்கேன், நூத்தி இருபதாம்! திருப்பிக் குடுத்திடு” என்றார். குரலில் இருந்த சந்தோஷத்தை அவராலேயே அடக்க முடியவில்லை.

அவள் வாட்ச்சைக் கழற்றித் தன் கையில் கட்டிப் பார்த்தாள். ஒழுங்காகத்தான் காட்டியது. திரும்ப அவர் கையில் கட்டினாள். இப்போது இறங்கியிருந்தது. அவள் முகம் வெளிறிவிட்டது.

“வாட்ச் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் என்னமோ. நெஞ்சு வலிக்குதா? காலையில டாக்டர்கிட்ட போறோம். தம்பியை வழியனுப்ப நான் போகலை.”

நெஞ்சைத் தடவிவிட்டாள், விசிறினாள். இவருக்கு மிதப்பதுபோல் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பிக்கு முன்னால் இவர். மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். போன் அடித்தது. ஸ்பீக்கரில் மச்சினன் பதறினான்.

“அக்கா, மாமாவுக்கு என்னக்கா ஆச்சு? நான் நாளைக்குக் கிளம்பலை. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டு இப்பவே வரேன்.”

நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே! அவள் கண்ணெதிரே வாட்ச்சில் துடிப்பு எண் குபுகுபுவென்று ஏறியது. அவள் விசிறுவதை நிறுத்தினாள்.

“ஒரு நிமிஷம் இருடா, கூப்பிடறேன்” என்று போனை வைத்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எண் இறங்கியது.

“கரண்ட் பில்” என்றாள். எண் அசையவில்லை.

“தம்பி” என்றாள். ஏறியது.

“உங்க கடை வாடகை.” இறங்கியது.

“தம்பி.”

ஆவி எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடித்தே பழகியவள். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து அதுவும் நின்றுபோனது.

“பொறாமைதான்” என்றார் அவர், கையை இழுத்துக்கொள்ளாமல். “இல்லேங்கல. அவனுக்குன்னா ரெண்டு நாள் சோதனை, தண்ணி, வேர்வை, எல்லாம் பார்க்கிறே. எனக்கு ஒரு பனியன் வாங்கினா அளவு பார்த்தியா? நாப்பது வயசுக்காரன் இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. இருந்தாலும் எரியுது.”

அவள் விசிறியைக் கீழே வைத்தாள்.

“நம்ம கல்யாணப் பேச்சு வந்தப்ப, போய் உங்களைப் பத்தி விசாரிச்சிட்டு வரேன்னு கிளம்பினதே தம்பிதான். செருப்பு மாட்டிட்டான். போக வேண்டாம்னு நான்தான் நிறுத்தினேன். நான் சோதிச்சுப் பார்க்காம எடுத்துக்கிட்டது உங்களை மட்டும்தாங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏதாவது பெரிய மனது காட்ட வேண்டும் போலிருந்தது.

“டிக்கெட்டை மாத்த வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லிடு. காலையில நானும் வரேன். இதை நானே அவன் கையில கட்டி விடறேன்” என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் எண் விறுவிறுவென்று ஏறியதை அவர் பார்த்துவிட்டார். அவள் கொஞ்சம் குனிந்திருந்தால் அவளும் பார்த்திருப்பாள். குனியவில்லை.

“சரிங்க” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்து வர எழுந்து போனாள்.