கூடைக்காரன் வீட்டுக்குப் போவதில்லை

கூடைக்காரன் வலது கோடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் பால் பொங்கியது. இருதயமேரி டீச்சருக்கு அது கேட்கவில்லை. பால் பொங்கி, வழிந்து, அடுப்பில் சுருசுருவென்று தீய்ந்தது. யாரோ பக்கத்து வீட்டில் பாலைக் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று மனசின் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். இடதுபக்க மரத்திலிருந்து ஒரு பழம் கிளம்பிவிட்டது. நடு மரத்திலும் ஒன்று. முதலில் எதைப் பிடிப்பது என்பதுதான் அப்போது உலகத்தில் இருந்த ஒரே கேள்வி.

"என்ன மேரி, வீடே தீயுதா?"

கணவர் ஸ்தனிஸ்லாஸ் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். ரயில்வே ஆபீஸிலிருந்து இன்றைக்கு என்ன சீக்கிரம்? அவள் கையிலிருந்ததைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினாள்.

"பால்தாங்க. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"நின்னுக்கிட்டேவா?"

"உக்காந்துதான்."

"அடுப்புல பாலை வச்சுட்டு உக்காந்து தூங்குனியா? நீயா?"

அவர் சிரித்தார். இருபத்தேழு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் பாலைத் தீயவிட்டதில்லை. அவள் கரித்துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க முகம் சுட்டது. தலையணைக்கு அடியில் அது தன்பாட்டுக்கு 'டிக் டிக்' என்றது. மூன்றாவது பழமும் விழுந்து உடைந்திருக்கும்.

அது அவளுடையது இல்லை. எட்டாம் வகுப்பு ஜெய்புன்னிசாவிடமிருந்து பிடுங்கியது. கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது.

"என்னது அது மடியில?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாதது கத்துமா? கொண்டா இங்க."

உள்ளங்கையில் அடங்குகிற தகடு. நடுவில் தீப்பெட்டி அகலத்துக்குக் கண்ணாடி, இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான். வீடியோ கேமாம். கண்ணாடிக்குள் மூன்று மரம், கீழே கூடையை ஏந்திக்கொண்டு ஒரு குட்டி ஆள். பழம் விழ விழ ஓடிப் பிடிக்க வேண்டும். மூன்று பழத்தைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது.

"எங்க அத்தா சிங்கப்பூர்லேருந்து வாங்கிட்டு வந்தது டீச்சர்."

"கணக்குப் பீரியட்ல ஆடச்சொல்லியா உங்கப்பா வாங்கிட்டு வந்தாரு? உங்கம்மாவை வரச்சொல்லு. அவங்க கையில குடுக்கிறேன்."

வகுப்பே சிரித்தது. ஜெய்புன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. இடத்துக்குப் போகிறவள் திரும்பிப் பார்த்து, "செல்லை மட்டும் கழட்டிடாதீங்க டீச்சர்" என்றாள்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாரு."

அதற்கும் வகுப்பு சிரித்தது.

பிடுங்கிய சாமான்களை டீச்சர்மார் வீட்டுக்குக் கொண்டுபோய் வைப்பதுதான் அங்கே வழக்கம். பள்ளிக்கூட அலமாரியில் வைத்தால் காணாமல் போகிறது. அவள் பீரோவில் ஏற்கனவே ஒரு பித்தளை மோதிரமும் சினிமாப் படம் ஒட்டிய அட்டையும் இருந்தன. அவற்றோடு இதையும் வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் புடவை எடுக்கும்போது, எப்படித்தான் வேலை செய்கிறது பார்ப்போம் என்று ஒரு பொத்தானை அழுத்தினாள். அழுத்தியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் மேலப்புதூர்த் தெருவில் யாருடனும் நின்று பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ் போட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். முதல் நிமிஷம் எல்லாம் கேட்கும்: கோவில் மணி, எதிர்வீட்டு ரேடியோ, கீரைக்காரியின் குரல். அப்புறம் ஒவ்வொன்றாக விலகிப் போகும். கடைசியில் அவளுமே விலகிப் போவாள். மூட்டுவலி இருக்காது. நாற்பத்தெட்டு வயது இருக்காது. திருத்தாமல் கிடக்கும் பரீட்சைப் பேப்பர் இருக்காது. மூன்று மரமும் ஒரு கூடையும்தான். ஜெபத்தில்கூட இப்படி ஒரு நாளும் ஒன்றிப் போனதில்லையே என்று தோன்றும்போது பயமாக இருக்கும்.

வெளிச்சத்தம் எதுவும் அவளைக் கலைக்கவில்லை. உள்ளேயிருந்து வருவதுதான் கலைத்தது. கூடையில் இத்தனை பழம் விழுகிறதே, கூடை ஏன் நிரம்பவே மாட்டேன் என்கிறது? இவன் இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவான்? அந்த நினைப்பு வந்த மறு விநாடி மரம் மரமாக இருக்காது, கண்ணாடிக்குள் கறுப்புக் கோடாகிவிடும். பழம் பொட்டென்று விழும். அதைவிட மோசம், சில சமயம் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துவிட்டால், மரங்களுக்குப் பின்னால் ஒரு முகம் தெரியும். மூக்குக்கண்ணாடி, நரைத்த வகிடு, பிளந்த வாய். வாய் எதற்காகத் திறந்திருக்கிறது என்று அவளுக்கே விளங்காது. சட்டென்று மூடிக்கொள்வாள்.

ஒருநாள் சாயங்காலம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது ஸ்தனிஸ்லாஸ் பாதியில் நிறுத்தினார்.

"மேரி, ரெண்டு கட்டைவிரலும் ஏன் அப்படித் துடிக்குது?"

"எது?"

"பாரு. நீ பாட்டுக்கு மணியைத் தள்ளிக்கிட்டே போற. நான் இன்னும் இந்த மணியவே முடிக்கல."

"நரம்புங்க."

"டாக்டரைப் பாத்துருவோமா?"

"ஒண்ணும் வேணாம். நீங்க சொல்லுங்க."

சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நின்றவளுக்கு, இதைப் பத்துக் கட்டளையில் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. களவா? எடுத்தது முறைப்படிதான். பொய்யா? கண்ணசந்தேன், நரம்பு, இதெல்லாம் பொய்தான். ஆனால் அதைச் சொன்னால் எதற்கு என்று சாமியார் கேட்பார். வீடியோ கேம் என்றால் அவருக்கு விளங்கச் சொல்ல வேண்டும். கூடைக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். "சோம்பலா இருந்தேன் சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால், அதுவரை ஆடியதிலேயே பெரிய எண் கண்ணாடியில் வரும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். அறுநூற்றுப் பதினெட்டு. அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான் என்று நினைத்தாள். அதைத் தாண்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்தனிஸ்லாஸ் எடமலைப்பட்டி புதூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தபோது, தாண்டினாள். அறுநூற்று நாற்பது. தனியாக உட்கார்ந்து கை தட்டினாள். தட்டிய சத்தம் வீட்டுக்குள் பெரிதாகக் கேட்டது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில்தான் அது உறைத்தது. பொத்தானை அழுத்தினால் இனி அறுநூற்று நாற்பது வரும். ஜெய்புன் முதல் வேலையாக அதைத்தான் அழுத்துவாள். "எங்க டீச்சர் ஆடியிருக்காங்கடி!" மூன்றாவது பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு, அங்கிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு, அப்புறம் டீச்சர்மார் அறைக்கு. பாதியில் எழுந்து கை கழுவினாள். போதாததற்குக் கண்ணாடியில் மரங்களும் மங்க ஆரம்பித்திருந்தன. அவள் ஆடி ஆடியே உள்ளே இருந்த பேட்டரிச் செல் தேய்ந்துவிட்டது.

மேலப்புதூரிலோ பாலக்கரையிலோ செல் மாற்ற முடியாது. கடைக்காரர் பிள்ளைகள் எல்லாம் அவளிடம் படித்தவர்கள். புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனாள். அங்கே அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. சாரம் கட்டிய ராஜகோபுரத்துக்கு இந்தப் பக்கம், வாட்ச் ரிப்பேர் கடை ஒன்று. கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, சிங்கப்பூர் சாமானா? யாருக்கும்மா, பேரனுக்கா?"

"பையனுக்கு."

பையனுக்கு இருபத்தாறு வயது. நெய்வேலியில் வேலை பார்க்கிறான்.

"பசங்க சோறு தண்ணி இல்லாம ஆடுவானுங்கம்மா. கண்டிச்சு வைங்க." அவர் பின்மூடியில் நகத்தை வைத்தவர் நிமிர்ந்தார். "ஒண்ணு சொல்லிடறேன். செல்லை எடுத்தா உள்ள இருக்கிற நம்பரெல்லாம் அழிஞ்சு போயிடும். அப்புறம் பையன் வந்து சண்டை போடக்கூடாது."

"எல்லாமேவா?"

"எல்லாமே. சைபர் ஆயிடும்."

அவளுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"போகட்டும். பரவாயில்ல. கழட்டுங்க."

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஜன்னல் காற்று முகத்தில் அடித்தது. நாளைக்கே அந்த அம்மாவுக்குச் சொல்லியனுப்பி இதைத் தொலைத்துத் தலைமுழுகிவிட வேண்டும். பாலம் பாதி தாண்டியிருக்கும். செல்லை மட்டும் கழட்டிடாதீங்க டீச்சர். அந்தக் குரல் பக்கத்து சீட்டில் கேட்ட மாதிரி கேட்டது. அவள் கைப்பையைத் திறந்து பார்த்தாள். புதுச் செல்லில் மரங்கள் கறுகறுவென்று இருந்தன. சின்னப்பிள்ளை, என்னவோ சொல்லிவைத்தாள். அறுநூற்றுப் பதினெட்டு எடுத்தவளுக்கு மறுபடி எடுக்க எவ்வளவு நேரமாகும்? பையை மூடினாள். மூடிய பிறகும் கை பையின் மேலேயே இருந்தது.

ஜெய்புன்னிசாவின் அம்மா ரோஷன் பேகம் மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டாள். மகளை முன்னால் விட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, காலி வகுப்பறை வாசலில் தயங்கி நின்றாள்.

"உள்ள வாங்க, உக்காருங்க."

"இருக்கட்டும் டீச்சர். முன்னாடியே வந்திருக்கணும். மாமியா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. இவ தப்புதான். நாலு சாத்து சாத்தியிருக்கலாம் நீங்க."

"சேச்சே. நல்லாப் படிக்கிற பொண்ணு. வகுப்புல கொண்டு வரக்கூடாது, அவ்வளவுதான்."

"இவங்க அத்தாவுக்கு லெட்டர்ல நான் இதை எழுதவே இல்ல டீச்சர். மனசு ஒடிஞ்சு போயிடுவாரு. எங்க தொலைச்சாளோன்னு இருந்தேன். டீச்சர்கிட்ட இருக்குன்னதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. உங்ககிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

இருதயமேரி கைப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். ஜெய்புன் இரண்டு கையாலும் வாங்கினாள். டீச்சர் நினைத்தபடியே முதல் வேலையாக அந்தப் பொத்தானை அழுத்தினாள். அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"அம்மா, அத்தா போட்டது காணோம்மா."

"என்னடி காணோம்?"

"அறுநூத்திப் பதினெட்டும்மா. சைபர் காட்டுது."

"என்னது அது, அறுநூத்திப் பதினெட்டு?" என்றாள் இருதயமேரி. கேட்டது தன் குரல்தானா என்று இருந்தது.

ரோஷன் பேகம்தான் பதில் சொன்னாள். "அது ஒண்ணுமில்ல டீச்சர். போன தடவை லீவுல வந்தப்ப, பிளேன் ஏறப் போற அன்னிக்குக் காலையில அவரு ஆடிப் போட்ட நம்பராம். இதை நீ தாண்டிட்டேன்னு எழுது, அடுத்த பிளேன்ல வந்துடறேன்னு இவகிட்ட சொல்லிட்டுப் போனாரு. சும்மா வேடிக்கைக்கு. மூணு வருஷம் ஆவப்போவுது. இவ அதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறா."

"ஐந்நூத்தித் தொண்ணூறு வரைக்கும் வந்துட்டேன் டீச்சர்" என்றாள் ஜெய்புன்.

நான்தான். சொல்லிவிட வேண்டியதுதான். வாயைத் திறக்கவும் செய்தாள்.

"தானா போயிருக்கும்டி" என்றாள் ரோஷன் பேகம். "சும்மா கிடந்தா செல்லு தீந்து போவாதா? டீச்சர் என்ன பண்ணுவாங்க? இல்லீங்களா டீச்சர்?"

"ஆமா" என்றாள் இருதயமேரி. "அப்படித்தான் இருக்கும்."

ஜெய்புன் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "முன்னாடி இவ்வளவு தெளிவா இருக்காது. இப்ப நல்லா கறுப்பா இருக்கே."

"வெயில்ல படாம வச்சிருந்ததுல தெளிஞ்சிருக்கும். வாங்குனியே, டீச்சருக்குத் தேங்ஸ் சொன்னியா?"

"தேங்ஸ் டீச்சர்."

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை ஆரம்பித்தாள். இரண்டே பழம் பிடித்திருப்பாள். மூன்று பழம் வரிசையாக விழுந்து உடைந்தன.

"வர மாட்டேங்குது டீச்சர்."

"ஏன்?"

"ஆடும்போது ஒண்ணும் நினைக்கக்கூடாது. நினைச்சா போயிடும். இவன் எந்நேரமும் பழம் பொறுக்கிக்கிட்டே இருக்கானே, வீட்டுக்கு எப்ப போவான்னு ஒரு நினைப்பு வரும் டீச்சர். அது வந்துட்டா அவ்வளவுதான். அத்தா நம்பர் மேல இருந்தா அது வராது. அதைத் தாண்டணும், தாண்டணும்னே ஓடும். வெறும் சைபரை எப்படித் தாண்டுறது?"

கூடை ஏன் நிரம்பவில்லை என்று மட்டும்தான் இருதயமேரி தன்னைக் கேட்டிருந்தாள். வீட்டைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஜெய்புன் எழுந்து வந்து அதை அவளிடம் நீட்டினாள்.

"நீங்க ஒரு நம்பர் போட்டுக் குடுங்க டீச்சர்."

"ஏண்டி! டீச்சரைப் போயி ஆடச் சொல்றியே, அறிவிருக்கா உனக்கு?"

"சும்மா ஒரு தடவைம்மா. எவ்வளவு வந்தாலும் சரி. யாராவது ஒருத்தர் போட்டுவச்சா எனக்குப் போதும்."

"அவங்களுக்கு இதைத் தொட்டே பழக்கம் இருக்காது."

"நான் சொல்லித் தரேன். சுலபம்தான் டீச்சர். இந்தப் பொத்தானை அழுத்தினா இடது பக்கம் போவான், இதை அழுத்தினா..."

வேண்டாம் என்று சொல்லத்தான் கையை நீட்டினாள். அது உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. எடை, ஓரத்து வளைவு, சூடு, எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. ஜெய்புன் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய இரண்டு கட்டைவிரலும் தாமாகவே நகர்ந்து, கொஞ்சம் மடங்கி, நுனி மட்டும் படும்படி பொத்தான்களின் மேல் போய் உட்கார்ந்தன. சுண்டுவிரல் கீழ்விளிம்பைத் தாங்கிக்கொண்டது. கண்ணாடியில் வெளிச்சம் விழாதபடி மணிக்கட்டு ஒரு சாய்வு சாய்ந்தது.

பொத்தானைக் காட்டிக்கொண்டிருந்த விரலை ஜெய்புன் எடுத்துக்கொண்டாள்.

வெளியே பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் காக்கைகள் கத்தின. சாலையில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. ரோஷன் பேகத்தின் கண்ணாடி வளையல்கள் உரசின. எங்கோ பால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். ஒரு சத்தம்கூட விலகிப் போகவில்லை. நடு மரத்தில் முதல் பழம் கிளம்பியது. கூடைக்காரன் கூடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கோடியில் காத்திருந்தான். ஜெய்புன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. டீச்சரின் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.